அம்மாவின் பாட்டிலும் 25 டிகிரி சட்டமும்

எங்க வீட்டுப் பூஜை அலமாரியில, காசித் தீர்த்தச் செம்புக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கு. ஜப்பானில் பச்சைத் தேநீர் விற்கிற அரை லிட்டர் பாட்டில். லேபிளைக் கிழிச்சிட்டு, மூடிக்குக் கீழே ஒரு குங்குமப் பொட்டு வச்சிருக்காங்க அம்மா. உள்ளே கால்வாசித் தண்ணீர் பாக்கி. முட்டிவலி ரொம்பப் படுத்தினால் மட்டும் ரெண்டு சொட்டு எடுத்துத் தடவிப்பாங்க. "பூமாதேவி தானா சுட வச்சுக் குடுத்த தண்ணிடா" என்பது அவங்க கட்சி.

அந்தத் தண்ணீரைச் சுட வைத்தது பூமாதேவி இல்லை, ஒரு பாய்லர். இது எனக்கு முதல் நாளே தெரியும். இதுவரை வாயைத் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் ஜப்பானின் வெந்நீர் ஊற்றுச் சட்டத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். (டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பொட்டி தட்டுகிறவன். சட்ட நுணுக்கம் தெரிந்தவர்கள் குட்டுவதாக இருந்தால் மெதுவாகக் குட்டவும்.)

2018 அக்டோபர். அப்போ எனக்கு டோக்கியோவில் வேலை. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாங்க. வந்த நாளிலிருந்தே குளிரில் முட்டி பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு படிக்கும் ஒரு "முருகா". ஆபீஸில் ஆளாளுக்கு "ஒன்சென் கூட்டிட்டுப் போங்க, சரியாயிடும்" என்றார்கள். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று, ஊற்றை வைத்துப் பிழைக்கிற குளியல் ஊருக்கும் அதே பேர்தான். ஒரே சிக்கல், அங்கே பொதுத்தொட்டியில் பிறந்த மேனியாகத்தான் இறங்கணும். இதைக் கேட்டதும் அம்மா, "நான் ஊருக்கே போறேன், டிக்கெட்டைப் போடு" என்றார்கள். கடைசியில் தனிக் குளியலறையை முக்கால் மணி நேரத்துக்கு வாடகைக்கு விடுகிற ஒரு பழைய விடுதி கிடைத்தது. ரயிலில் மூணு மணி நேரம், அப்புறம் பஸ், மலைக்கிராமம். ஊர் பேர் வேண்டாம், விடுதிக்காரத் தாத்தா பாவம்.

தங்கமணியும் அம்மாவும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் நான். எதிரே சுவரில் சட்டம் போட்ட ஒரு காகிதம். பொழுது போகாமல் செல்போன் காமிராவை அதன்மேல் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஊற்றுக்கண்ணில் வெப்பநிலை 31.4 டிகிரி. தண்ணீர் சூடாக்கப்படுகிறது. வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுழற்றப்படுகிறது. குளோரின் சேர்க்கப்படுகிறது.

அதாவது நம்ம ஊர் நீச்சல்குளம், கொஞ்சம் சூடாக.

முக்கால் மணி நேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, கையில் அந்தத் தேநீர் பாட்டிலோடு அம்மா வெளியே வந்தாங்க. தொட்டியில் தண்ணீர் விழுகிற குழாயிலேயே பிடிச்சுக்கிட்டாங்களாம். மாடிப்படி பன்னிரண்டு. ஒரு "முருகா" கூட இல்லை. நான் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், தங்கமணி ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான்.

விடுதி ஏமாற்றியதாக நினைக்காதீர்கள். சட்டப்படி அது அசல் ஒன்சென்தான். 1948ல் போட்ட ஒன்சென் சட்டத்தின்படி, நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீர் வெளிவரும் இடத்தில் 25 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அது இல்லையென்றால், பட்டியலில் உள்ள 19 வகைப் பொருட்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு இருந்தால் போதும். ரெண்டும் வேணும்னு இல்லை, ஒண்ணு போதும். அதனால சில்லென்ற தண்ணீரும் சட்டப்படி ஒன்சென் ஆகிவிடும். நம்ம ஊரில் போர் போட்டால் வருகிற தண்ணீரே பெரும்பாலும் 25க்கு மேலேதான் இருக்கும். ஜப்பான் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தால் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு ஒன்சென் போர்டு மாட்டலாம் :-)

சிரித்தாலும் இந்த 25 டிகிரி லேசுப்பட்ட விஷயம் இல்லை. பூமிக்குள் போகப் போக நூறு மீட்டருக்குச் சுமார் 3 டிகிரி சூடு ஏறும். எரிமலையே பக்கத்தில் இல்லாவிட்டாலும் ஆயிரம் மீட்டர் துளையிட்டால், தண்ணீர் கிடைத்துவிட்டால், அது அநேகமாக 40 டிகிரியைத் தாண்டும். துளைபோடும் தொழில்நுட்பம் வளர வளர நகரங்களின் நடுவிலும் ஒன்சென் முளைத்ததற்கு இதுதான் காரணம். 1948ல் சட்டம் எழுதியவர்கள் இப்படி ஒரு துளையைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லணும். விடுதி வாசலில் பாசி காய்ந்துபோன ஒரு கல் தூம்பு, அதன் கீழே காலித் தொட்டி. என் அரைகுறை ஜப்பானிய மொழியில் தாத்தாவிடம் விசாரித்தேன். அவங்க அப்பா காலத்தில் அதில் வெந்நீர் தானாகக் கொட்டுமாம், கை வைக்க முடியாதாம். அப்புறம் அக்கம்பக்கத்து விடுதிகள் ஒண்ணொண்ணா ஆழத்துளை போட்டன. மட்டம் இறங்கியது, சூடும் இறங்கியது. தாத்தாவும் பம்பு வைத்தார். இப்போது நாலு விடுதிக்கும் பொதுவாக ஒரே துளை, ஒரே பம்பு.

அவர் பேசும்போது கையைத் தரைக்குக் கீழே இறக்கி இறக்கிக் காட்டினார். அம்மாவுக்கு ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டாங்க: "ஏண்டா, பக்கத்து வயக்காரன் போர் போட்டுட்டானாமா?"

எங்க தாத்தா வெட்டிய கிணறு திண்டுக்கல் பக்கம். பெரிய கமலைக் கிணறு, ரெண்டு படிக்கட்டு. பக்கத்துத் தோட்டத்தில் அறுநூறு அடிக்கு போர் இறங்கிய ரெண்டாவது கோடையில் அடித்தரை தெரிந்தது. யாரையும் கேட்க முடியாது. 1882 வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம், அவனவன் நிலத்துக்கு அடியில் வரையறுத்த ஓடையாக ஓடாத தண்ணீரை அவனவன் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. தமிழ்நாட்டில் 2003ல் நிலத்தடி நீருக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அதை நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013ல் ரத்தும் செய்துவிட்டார்கள். ஆகவே அம்மாவின் கேள்வி சும்மா வந்தது இல்லை. ஜப்பான் சட்டத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் முன்னால் நின்றது. பக்கத்து ஆள் துளை போட்டால் இந்தச் சட்டம் என்ன செய்யும்?

சட்டத்துக்கு முன்னாலேயே நீதிமன்றங்கள் இதில் மாட்டிக்கொண்டு முழித்திருக்கின்றன. ஒரு வழக்கு ரொம்ப சுவாரசியம். தொயாமா மாகாணத்தில் உனாசுகி என்று ஒரு ஒன்சென் ஊர். அந்த ஊருக்கென்று சொந்த ஊற்று கிடையாது. குரோநாகி என்ற இடத்திலிருந்து சுமார் ஏழரை கிலோமீட்டர் குழாய் போட்டு மலை வழியாக வெந்நீர் கொண்டுவந்தார்கள். அந்தக் குழாய் ஒரு துண்டு மலைச்சரிவைத் தொட்டுப் போகிறது. தொடுகிற அளவு ரெண்டு த்சுபோ, அதாவது ஆறரைச் சதுர மீட்டர் சொச்சம், நாலு பாய் விரிக்கிற இடம். ஒருத்தர் இதைக் கண்டுபிடித்து அந்த நிலத்தை விலைக்கு வாங்கினார். வாங்கிவிட்டு, ஒண்ணு குழாயை எடு, இல்லேன்னா பக்கத்தில் இருக்கிற என் மூவாயிரம் த்சுபோவையும் சேர்த்து இருபதாயிரம் யென்னுக்கு மேல் கொடுத்து வாங்கிக்கோ என்று ரயில் கம்பெனி மேல் கேஸ் போட்டார். நம்ம ஊர் ரியல் எஸ்டேட் மூளை அங்கேயும் உண்டு! நிலம் அவருடையதுதான், பத்திரம் சரிதான். ஆனாலும் 1935 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் (அந்தக் காலத்துப் பெயர் தாய்ஷின்-இன்) அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உரிமை இருக்கிறது என்பதற்காக அடுத்தவனைக் கழுத்தைப் பிடிக்க அதைப் பயன்படுத்தினால் அது உரிமைத் துஷ்பிரயோகம். ஜப்பானில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் முதல் வருஷத்தில் படிக்கிற வழக்கு இது. அந்த ஊரில் இதற்கு நினைவுக்கல்லே வைத்திருக்கிறார்கள்.

1940ல் இன்னொரு தீர்ப்பு. நாகானோ மாகாணத்து வழக்கு. ஊற்றின் மேல் உள்ள உரிமை, நிலத்தின் உரிமையிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்க முடியும், உள்ளூர் வழக்கம் அப்படி இருந்தால் அது செல்லும் என்றது.

இவ்வளவும் நடந்து முடிந்து எட்டு வருஷம் கழித்து வந்த 1948 சட்டம், தண்ணீர் யாருடையது என்ற கேள்வியைத் தொடவே இல்லை. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் பிரிவில் "ஒன்சென்னைப் பாதுகாத்து" என்றுதான் தொடங்குகிறது. ஆனால் பாதுகாக்கும் வழியாகச் சொல்வது அனுமதிச் சீட்டு. துளை போடணுமா, பம்பு வைக்கணுமா, மாகாண ஆளுநரிடம் அனுமதி வாங்கு. ஏற்கெனவே இருக்கிற ஊற்றின் அளவையோ சூட்டையோ தன்மையையோ கெடுக்கும் என்றால் ஆளுநர் மறுக்கலாம். அப்படி எந்தக் காரணமும் இல்லையென்றால் கொடுத்தே ஆகணும். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் பாருங்க, பூமிக்குள் நடப்பதைத் துளை போடுவதற்கு முன்னாடி யார் பார்த்தது? எங்க கிணறு வற்றியது போர் போட்ட அன்றைக்கு இல்லையே, ரெண்டாவது கோடையில்தானே. அதோடு, ஒவ்வொரு துளையும் தனியாகப் பார்த்தால் பக்கத்து ஊற்றை ஒன்றும் செய்யாது. இருபது துளை சேர்ந்தால்தான் தாத்தாவின் தூம்பு காயும். கண்ணுக்கு முன்னால் தண்ணீர் குறைந்தால் எடுக்கும் அளவைக் கட்டுப்படுத்த ஆளுநர் உத்தரவு போடலாம் என்றும் பிரிவு இருக்கிறது. போடலாம். போட்டே ஆகணும் என்று இல்லை.

இந்தச் சட்டம் எப்போதெல்லாம் வேகமாக ஓடியது என்று பார்த்தால் அதன் குணம் தெரியும். 2004ல் நாகானோவின் ஷிராஹோனே ஒன்சென்னில் பால் மாதிரி வெள்ளையாக இருந்த தண்ணீரில் குளியல் பொடி கலந்திருந்தது வெளியே வந்து நாடே கொந்தளித்தது. அடுத்த வருஷமே விதியைத் திருத்திவிட்டார்கள். தண்ணீர் கலக்கிறாயா, சூடாக்குகிறாயா, சுழற்றுகிறாயா, மருந்து சேர்க்கிறாயா, நாலையும் எழுதி மாட்டு. நான் பெஞ்சில் உட்கார்ந்து படித்த காகிதம் அந்தத் திருத்தம் பெற்ற பிள்ளைதான். 2007 ஜூனில் டோக்கியோ ஷிபுயாவில், சுமார் 1,500 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்த ஒரு குளியல் நிலையத்தில், தண்ணீரோடு வந்த மீத்தேன் வாயு வெடித்து மூன்று பெண் ஊழியர்கள் இறந்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சட்டம் திருத்தப்பட்டு, எரிவாயுப் பாதுகாப்பு அதன் நோக்கப் பிரிவிலேயே ஏறியது. தண்ணீரைப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி சோதிக்கணும் என்பதும் 2007ல் வந்ததுதான். சுவரில் எழுதுகிற எச்சரிக்கைப் பட்டியலையும் சும்மா விடவில்லை. கர்ப்பிணிகள் குளிக்கக் கூடாது என்று 1982லிருந்து இருந்த வரியை, அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை என்று 2014ல் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் மனசாரப் பாராட்டணும். நம்ம ஊர் அருவிக்கரையில் இப்படி ஒரு காகிதம் மாட்டுவார்களா?

ஆனால் ஊற்று வற்றுவதற்கு வந்தது என்ன தெரியுமா? 2009ல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஒரு வழிகாட்டி ஏடு. மாகாணங்கள் இப்படிச் செய்தால் நல்லது என்கிற வகை. ஆள் செத்தால் ஆறு மாசத்தில் சட்டம், பொடி கலந்தால் ஒரு வருஷத்தில் விதி, ஊற்று செத்தால் ஒரு புத்தகம். குளிக்கிறவரை இந்தச் சட்டம் நன்றாகக் காக்கிறது. தண்ணீரைக் காப்பது அந்தந்த மாகாணத்தின் மனசைப் பொறுத்தது. பெப்பு நகரம் இருக்கும் ஓய்தா மாகாணம் 1960களின் கடைசியிலேயே சில பகுதிகளில் புதுத்துளைக்கு இடமில்லை என்று வரைபடத்தில் கோடு போட்டுவிட்டது. அந்த மாதிரி ஒரு கோடு தாத்தாவின் ஊரில் அப்போதே விழுந்திருந்தால் அந்தத் தூம்பில் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

கோடு போட்டால் ஊற்று திரும்புமா என்று கேட்பவர்களுக்கு நியூசிலாந்தின் ரோட்டோருவா இருக்கிறது. நான் போனதில்லை, படித்ததுதான். ஊருக்குள் வீட்டுக்கு வீடு துளை போட்டு, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது முதல் குளியல் வரை பூமி வெப்பத்தில் ஓட்டினார்கள். 1970களில் பக்கத்தில் ஃபகரேவரேவாவில் பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்றுகள் தளர ஆரம்பித்தன. பாப்பாகுரா என்ற ஊற்று 1979ல் நின்றே போனது. 1986ல் அரசாங்கம் முடிவெடுத்தது: பொஹுட்டு ஊற்றைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் உள்ள எல்லாத் துளையையும் மூடு. நூற்றுக்கும் மேற்பட்ட துளைகளை அடைத்தார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே எடுக்கிறவர்களுக்குக் கட்டணம். ஊரில் பெரிய சண்டை. பின்னே, தாத்தா காலத்திலிருந்து சும்மா கிடைத்த சூட்டை ஒருநாள் வந்து அடைத்தால்? அங்கே வாழும் மாவோரி மக்களோ, தலைமுறை தலைமுறையாக அந்த ஊற்றுகளில் சமைத்துக் குளித்து வந்தவர்கள். 1953ல் போட்ட ஒரு சட்டம் அந்த வெப்பத்தை எடுக்கும் உரிமை முழுவதையும் அரசுக்கு எழுதிக்கொண்டபோது அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இத்தனை கசப்புக்கும் நடுவில் நிலத்தடி நீர்மட்டம் ஏறியது, ஊற்றுகள் தேறின. 2015ல், 36 வருஷம் கழித்து, பாப்பாகுரா மறுபடி பீறிட்டது.

இதைப் படித்த ராத்திரி தங்கமணியை எழுப்பிச் சொன்னேன். "காலைல சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

ஜப்பானில் ஏன் இது முடியாது என்று யோசித்தால், அங்கே இருபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுதி, ஒரு குடும்பம், ஒரு ஓட்டு. நாட்டில் கிடைக்கும் வெந்நீரில் பெரும்பங்கு இப்போது பம்பு வைத்து எடுப்பதுதான். இதில் இன்னொரு தகராறும் உண்டு. பூமி வெப்ப வளத்தில் ஜப்பான் உலகில் மூன்றாவது இடம் என்பார்கள், சுமார் 23 ஜிகாவாட். மின்நிலையங்களாக எழும்பி நிற்பதோ அரை ஜிகாவாட்டை ஒட்டி. வளத்தில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் கிடக்கிறது. புகுஷிமா விபத்துக்குப் பிறகு 2012ல் பூங்கா விதிகளைத் தளர்த்தினார்கள். அப்போது முன்னால் நின்று எதிர்த்தவர்களில் ஒன்சென்காரர்கள் முக்கியமானவர்கள். மின்நிலையம் துளை போட்டால் எங்கள் ஊற்று வற்றிவிடும் என்கிறார்கள். பயம் நியாயம்தான், ஆழத்தில் எதற்கும் எதற்கும் தொடுப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் எனக்கு அவர்கள் மேல் முழு அனுதாபம் வரவில்லை. பல ஊர்களில் ஊற்றை வற்ற வைத்தது மின்நிலையம் இல்லையே, அவர்களுடைய பம்புகளே. வருகிறவனுக்குப் போடச் சொல்லும் கட்டுப்பாட்டை முதலில் தனக்குப் போட்டுக்கொண்டு, எவ்வளவு எடுக்கிறோம் என்று ஒரு மீட்டராவது வைத்துவிட்டுப் பேசினால் கேட்கலாம். தாத்தாவின் ஊரில் நாலு விடுதியும் சேர்ந்து ஒரே பம்புக்கு வந்ததை இதனால்தான் பெரிதாக நினைக்கிறேன். அதை எந்தச் சட்டமும் செய்ய வைக்கவில்லை. கரண்ட் பில் செய்ய வைத்தது என்றார்.

கிளம்பும்போது ரசீதில் குளியல் வரி என்று ஆளுக்கு 150 யென் இருந்தது. "குளிக்கிறதுக்குமா வரி?" என்று அம்மா வாயில் கை வைத்தாங்க. ஊற்றுகளைப் பாதுகாக்கவும் அந்தப் பணம் செலவாகும்மா என்றேன். "அப்ப வாங்கட்டும். நம்மூர்ல வாங்கியிருந்தா கிணறு இருந்திருக்கும்" என்றாங்க.

2021ல் ஊர் திரும்பிவிட்டேன். வருகிற நவம்பரில் ஆபீஸ் வேலையாக ரெண்டு வாரம் டோக்கியோ போகணும். விஷயம் தெரிந்ததும் அம்மா பாட்டிலைக் காட்டி, "முடியப்போகுது, இன்னொண்ணு பிடிச்சுட்டு வா" என்று உத்தரவு போட்டுவிட்டாங்க. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தொட்டிக் குழாயில் பிடிக்கப் போவதில்லை. விடுதிக்குப் பின்னால் பம்பு ஷெட்டில், பாய்லருக்குப் போவதற்கு முன்னாடி ஒரு குழாய் இருக்கிறது. தாத்தா நல்லபடியா இருந்தால் திறந்துவிடுவார். 31.4 டிகிரி இருக்கும், அதற்கும் கீழே போகாமல் இருந்தால். விமானத்தில் பெட்டிக்குள் கிடந்து ஆறிப்போகும். மீனம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் மறுபடி 25ஐத் தாண்டிவிடும்.